பதில் தெரியாதவரிடம் கேட்கப்படும் கேள்வி

(மகளிர் சுய உதவிக் குழுவினர், கல்லூரி மாணவர்கள், பொதுமக்கள் கூடியிருந்த அவையில் தருமபுரியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கணினிப் பாதுகாப்பு பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் ஒரு கைப்பேசியிலிருந்து தொடங்குகிறேன். பென்னாகரம் வட்டத்தில் ஒரு சிற்றூரில் என் அத்தை இருக்கிறார். ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம். ராகி, அவரை, கொஞ்சம் துவரை. ஒரு நாள் காலையில் அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வந்தது. அனுப்பியவர் அந்நியர் இல்லை, பங்காளி வீட்டுப் பையன். கோப்பின் பெயர் 'பிஎம் கிசான்'. ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாகத் தரும் திட்டம் அது. அத்தைக்கு ஒரு தவணை நின்று போயிருந்தது. அதனால் அந்தக் கோப்பைத் தொட்டார்.

தொட்டதும் கைப்பேசி கேட்டது: இங்கிருந்து வரும் ஆப்பை நிறுவ அனுமதிக்கலாமா? சரி என்றார். ஆப் திறந்தது. குறுஞ்செய்திகளைப் படிக்கவும் அனுப்பவும் அனுமதிக்கலாமா? சரி. தொடர்புப் பட்டியலைப் பார்க்க அனுமதிக்கலாமா? சரி. அழைப்புகளைக் கையாள அனுமதிக்கலாமா? சரி. நான்கு பெட்டிகள், நான்கு முறை கட்டைவிரல். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. பொழுது சாய்வதற்குள் கணக்கிலிருந்து பதினெட்டாயிரம் ரூபாய் போய்விட்டது. அத்தையின் எண்ணிலிருந்தே அதே கோப்பு உறவினர் குழுக்களுக்கெல்லாம் போயிருந்தது. பங்காளி வீட்டுப் பையன் 'அனுப்பியதும்' இப்படித்தான், அவனுக்கே தெரியாமல்.

மறுநாள் அத்தையை அழைத்துக்கொண்டு முறையிடப் போனேன். அங்கே ஒருவர் கேட்டார்: "ஏம்மா, எல்லாத்துக்கும் நீங்கதானே அலோ குடுத்திருக்கீங்க?" அத்தை தலையைக் குனிந்துகொண்டார். வெளியே வந்த பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அது கேட்டுச்சு கண்ணு, நான் குடுத்தேன். குடுக்கலன்னா உள்ளயே போக மாட்டேங்குதே."

அன்றிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன். இயங்குதளம் நம்மிடம் அனுமதி கேட்கிறதே, அந்தப் பெட்டி நம்மைக் காக்கிறதா? அல்லது நம்மைக் காக்க வேண்டியவர்களைக் காக்கிறதா?

இது என் அத்தை ஒருவருக்கு நேர்ந்தது அல்ல. பிஎம் கிசான் பெயரில் வாட்ஸ்அப் வழியாகப் போலி ஆப் பரவுகிறது என்று தமிழ்நாடு காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவு 2024-இலேயே எச்சரித்தது. திருமண அழைப்பிதழ் என்றும், போக்குவரத்து அபராத ரசீது என்றும் வேறு பெயர்களிலும், ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் இதே ஏபிகே கோப்பு நாடெங்கும் சுற்றுகிறது. உள்ளே நடப்பது ஒன்றுதான். குறுஞ்செய்தியைப் படிக்கும் உரிமை கிடைத்துவிட்டால், வங்கி அனுப்பும் ஓடிபி முதலில் திருடன் கைக்குப் போகிறது. வாட்ஸ்அப்பை வேறொரு கைப்பேசியில் திறக்கத் தேவையான ஆறு இலக்க எண்ணும் போகிறது. தொடர்புப் பட்டியல் கிடைத்துவிட்டால் அடுத்து யாரைப் பிடிப்பது என்பதும் தெரிந்துவிடுகிறது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த நான்கு பெட்டிகளில் ஒன்றுகூடப் பொய் சொல்லவில்லை. குறுஞ்செய்தியைப் படிக்கப் போகிறது என்று சொன்னது, படித்தது. ஒவ்வொரு பெட்டியும் தன் வேலையைச் சரியாகச் செய்தது. பணம் மட்டும் போய்விட்டது.

இந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வீட்டுக் கணினியை இயக்கியவர் பெரும்பாலும் நிர்வாகி என்ற முழு அதிகாரத்தோடுதான் இயக்கினார். அவர் திறக்கிற ஒவ்வொரு நிரலுக்கும் அதே அதிகாரம். மாவரைக்க வந்த ஆளிடம் பீரோ சாவியையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி. 2007 ஜனவரியில் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா இதை மாற்ற முயன்றது. முக்கியமான எதையும் நிரல் தொடும்போது திரை மங்கும், நடுவில் ஒரு பெட்டி வரும்: தொடரவா, விடவா? மக்கள் சலித்துப் போனார்கள். ஆப்பிள் நிறுவனம் அந்தப் பெட்டியைக் கேலி செய்து விளம்பரமே எடுத்தது. நம் ஊர்க் கடைகளில் விண்டோஸ் போட்டுக் கொடுத்தவர்கள் முதல் வேலையாக அந்தப் பெட்டி வராதபடி அணைத்துவிட்டுக் கொடுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். "அது சும்மா கேட்டுக்கிட்டே இருக்கும் சார்" என்றார்கள்.

ஆனால் அந்தப் பெட்டிக்கு வேறொரு நோக்கம் இருந்தது. 2008-இல் மைக்ரோசாஃப்டின் டேவிட் கிராஸ் ஒரு பாதுகாப்பு மாநாட்டில் அதை வெளிப்படையாகச் சொன்னார்: பயனாளரை எரிச்சலூட்டத்தான் அதை வைத்தோம். பயனாளர் எரிச்சலடைந்தால் மென்பொருள் எழுதியவரைத் திட்டுவார். அவர் தேவையில்லாமல் முழு அதிகாரம் கேட்பதை நிறுத்துவார். அது பலித்தது. விஸ்டா வந்த புதிதில் இந்தப் பெட்டியை எழுப்பிய தனித்தனி நிரல்களும் பணிகளும் சுமார் 7,75,000. பிறகு அது சுமார் 1,68,000 ஆகக் குறைந்தது என்று அந்த நிறுவனமே 2008-இல் வெளியிட்டது. ஆக, பெட்டியால் நன்மை விளைந்தது. எழுதுகிறவர்கள் திருந்தியதால் விளைந்த நன்மை அது. பெட்டியைப் படித்து ஆராய்ந்து பதில் சொன்னவர்களால் விளைந்தது அல்ல.

படிக்கிறோமா என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அப்போது ஆண்ட்ராய்டில் ஆப்பை நிறுவும் முன்பே எல்லா அனுமதிகளும் ஒரு பட்டியலாக வரும். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போர்ட்டர் ஃபெல்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நிறுவும்போது அந்தப் பட்டியலைக் கவனித்தவர்கள் 17 விழுக்காட்டினர். அனுமதிகளின் பொருள் பற்றிக் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் சரியாகப் பதில் சொன்னவர்கள் 3 விழுக்காட்டினர். ஆங்கிலம் தெரிந்தவர்கள், கணினியோடு பழகியவர்கள். என் அத்தையைத் தலைகுனிய வைத்தவர்கள் இந்த எண்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் தொப்பூர் கணவாயை எண்ணிப் பாருங்கள். சரிவில் இறங்கும் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் வண்டியை விடாதீர்கள் என்று எவ்வளவோ காலமாகச் சொல்லி வருகிறார்கள். தினமும் அந்த வழியில் போகிற ஓட்டுநருக்குப் பலகை மரம்போல, பாறைபோல ஆகிவிடுகிறது. கண் பார்க்கும், மனம் பார்க்காது. அங்கே எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்று இந்த மாவட்டத்துக்குத் தெரியும். கடைசியில் பலகையால் ஆகாது, சாலையின் அமைப்பையே மாற்ற வேண்டும் என்று உயர்மட்டச் சாலைத் திட்டத்துக்கு வந்திருக்கிறார்கள். திரையில் வருகிற பெட்டியும் அந்தப் பலகைதான். ஒரு நாளைக்குப் பத்து முறை நல்ல ஆப் கேட்டு நாம் சரி சொல்கிறோம். பத்தும் சேர்ந்து விரலுக்குப் பயிற்சி ஆகிறது. பதினோராவது முறை திருடன் கேட்கும்போது விரல் தானாகப் போகிறது.

படித்தவர்கள் தப்பிவிடுவார்கள் என்று எண்ண வேண்டாம். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் ஒருவன் நுழைந்தான். ஒப்பந்தப் பணியாளர் ஒருவரின் கடவுச்சொல் அவனிடம் இருந்தது. அவன் உள்நுழைய முயலும்போதெல்லாம் பணியாளரின் கைப்பேசியில் 'நீங்கள்தானா? அனுமதிக்கவா?' என்ற பெட்டி வந்தது. முதலில் மறுத்தார். திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் ஒன்றுக்குச் சரி என்றார். உலகப் பெரு நிறுவனத்தின் கதவு அப்படித்தான் திறந்தது. இதற்குப் பிறகு, 2023 மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் தன் உள்நுழைவுச் செயலியில் ஒரு மாற்றத்தைக் கட்டாயமாக்கியது. வெறுமனே சரி என்று அழுத்த முடியாது. உள்நுழையும் திரையில் தெரியும் எண்ணைப் பார்த்துக் கைப்பேசியில் பதிய வேண்டும். திரைக்கு முன்னால் நீங்கள் இல்லாவிட்டால் அந்த எண் உங்களுக்குத் தெரியவே தெரியாது. தூக்கத்தில் தொட்டாலும் கதவு திறக்காது. கேட்கும் விதம் மாறியது, பாதுகாப்பு கூடியது.

அப்படியானால் எல்லாப் பெட்டிகளையும் எடுத்துவிடலாமா? கூடாது. 2013-இல் தேவ்தத்தா அகாவே என்பவரும் ஃபெல்ட்டும் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகளில் வந்த இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகளை ஆராய்ந்தார்கள். 'இந்தத் தளம் தீங்கானது' என்ற சிவப்பு எச்சரிக்கையைக் கண்டவர்களில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டோர் திரும்பிப் போய்விட்டார்கள். அந்த எச்சரிக்கை அரிதாக வரும், வந்தால் பெரும்பாலும் உண்மையாக இருக்கும். அதே குரோமில் சான்றிதழ் கோளாறு என்று அடிக்கடி வந்த எச்சரிக்கையை 70 விழுக்காடு முறை தாண்டிப் போனார்கள். மக்கள் ஒன்றும் அசட்டையானவர்கள் அல்லர். எது வெறும் சத்தம், எது எச்சரிக்கை என்று அனுபவத்தில் பிரித்துக்கொள்கிறார்கள்.

பயன்பட்ட இன்னொரு பெட்டி 2021 ஏப்ரலில் ஐபோனில் வந்தது. 'மற்ற ஆப்களிலும் தளங்களிலும் நீங்கள் செய்வதை இந்த ஆப் பின்தொடரலாமா?' என்று ஒரே கேள்வி. இதற்கு யாருக்கும் கணினி அறிவு வேண்டியதில்லை. என் பின்னால் வராதே என்று சொல்ல எல்லோருக்கும் தெரியும். அந்தக் கேள்வியால் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமே கணக்குச் சொன்னது. சாதாரண மனிதர் சொன்ன 'வேண்டாம்' அவ்வளவு பெரிய நிறுவனத்தை அசைத்தது.

இவற்றை வைத்து என் முடிவைச் சொல்கிறேன். பதில் தெரிந்தவரிடம், பதில் தெரிந்த நேரத்தில், ஒரு முறை கேட்டால் கேள்வி காக்கும். பதில் தெரிய வாய்ப்பே இல்லாதவரிடம் கேட்டால் அந்தக் கேள்வி பழியைக் கைமாற்றும் கருவி ஆகிவிடும். 'இப்போது படம் எடுக்கப் போகிறீர்களா, கேமராவைத் திறக்கவா?' என்றால் என் அத்தைக்குப் பதில் தெரியும். 'இந்த ஆப்பை எழுதியவன் நல்லவனா?' என்பதற்கு அவருக்கு மட்டுமல்ல, எனக்கும் பதில் தெரியாது. குறுஞ்செய்தி அனுமதிப் பெட்டி உண்மையில் கேட்பது அந்த இரண்டாவது கேள்வியைத்தான்.

இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தண்ணீரே போதும். நம் ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு இருந்தது. கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. பிள்ளைகளின் பல் பழுப்பேறிய பிறகும், பெரியவர்களின் மூட்டும் முதுகும் விறைத்த பிறகும்தான் தெரிந்தது. ஒவ்வொரு குழாயடியிலும் 'இதில் ஃபுளோரைடு இருக்கிறது, குடிக்கிறீர்களா, இல்லையா?' என்று பலகை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தாகம் எடுத்தவர் குடித்திருப்பார். பிறகு 'தெரிந்துதானே குடித்தாய்' என்று சொல்லியிருப்பார்கள். அப்படிச் செய்யவில்லை. ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டப்பட்டு, 2013-இல் காவிரித் தண்ணீர் வரத் தொடங்கியது. குடிப்பவரைக் கேள்வி கேட்காமல் தண்ணீரை மாற்றினார்கள். பாதுகாப்பு என்றால் அதுதான்.

கணினியிலும் அப்படி மாற்ற முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. கடன் ஆப்களை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த அவையில் சுய உதவிக் குழுப் பெண்கள் இத்தனை பேர் இருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் குழு இயக்கம் 1989-இல் தொடங்கியது இந்தத் தருமபுரி மாவட்டத்தில்தான், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. ஒருவரை ஒருவர் தெரியும் என்ற நம்பிக்கையே உங்கள் கடனுக்கு ஜாமீன். கடன் ஆப்காரர்கள் அதே நம்பிக்கையைக் கத்தியாக்கினார்கள். தொடர்புப் பட்டியலைப் பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு, தவணை ஒரு நாள் தவறினால் மாமியாருக்கும் பக்கத்து வீட்டுக்கும் குழுத் தலைவிக்கும் அழைத்து அவமானப்படுத்தினார்கள். ரிசர்வ் வங்கி அமைத்த பணிக்குழு 2021 ஜனவரி, பிப்ரவரியில் தேடியபோது இந்திய ஆண்ட்ராய்டு பயனாளருக்குச் சுமார் 1,100 கடன் ஆப்கள் கிடைத்தன. அவற்றில் 600 சட்டவிரோதமானவை.

2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதி போட்டது: கடன் ஆப் தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, கோப்புகள் எதையும் தொடக் கூடாது. ஆளை அடையாளம் காண கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றை ஒரு முறை மட்டும், ஒப்புதலோடு பயன்படுத்தலாம். 2023 மே 31 முதல் கூகுள் தன் பிளே ஸ்டோரில் தனிநபர் கடன் ஆப்கள் தொடர்புகளையும் படங்களையும் தொடுவதைத் தடை செய்தது. அனுமதி கேட்கலாமா என்ற பேச்சே இல்லை, கேட்கவே கூடாது.

யுபிஐயிலும் இதுவே நடந்தது. பணம் 'வரப்போகிறது' என்று சொல்லி, பணம் கேட்கும் கோரிக்கையை அனுப்பி, யுபிஐ ரகசிய எண்ணைப் போட வைத்து எத்தனை பேரை ஏமாற்றினார்கள்! பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை என்று விளம்பரம் செய்து பார்த்தார்கள். கடைசியில், தனிநபர் தனிநபரிடம் பணம் கேட்டு அனுப்பும் அந்த வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் தேசியப் பணம் செலுத்துகைக் கழகம் நிறுத்தியது. பெட்டி போனது, அந்த வழியில் ஏமாறுவதும் போனது.

2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஓர் எடுத்துக்காட்டு தரப்பட்டிருக்கிறது. ஒரு தொலைமருத்துவ ஆப் ஒரு பெண்ணிடம் தொடர்புப் பட்டியலையும் கேட்கிறது, அவரும் சரி என்கிறார். மருத்துவத்துக்குத் தொடர்புப் பட்டியல் தேவையில்லாததால் அந்தச் 'சரி' அதற்குச் செல்லாது என்கிறது சட்டம். 'நீங்கதானே அலோ குடுத்தீங்க' என்ற வாதத்துக்கு நாட்டின் சட்டமே சொல்லும் மறுமொழி இது. அதோடு, தொடர்புப் பட்டியல் ஒருவருடைய சொத்தும் அல்ல. அத்தை சரி சொன்னபோது அவர் கைப்பேசியில் இருந்த அத்தனை பேரின் எண்களும் போயின. அவர்களிடம் எந்தப் பெட்டியும் கேட்கவில்லை.

இங்கே மாணவர்கள் ஒரு மறுப்புச் சொல்லலாம். எல்லாவற்றையும் நிறுவனமே பூட்டினால் சாவி முழுதும் அவர்களிடம் போய்விடாதா? நியாயமான அச்சம். சரிபார்க்கப்பட்டவர்கள் எழுதிய ஆப்களை மட்டுமே ஆண்ட்ராய்டில் நிறுவ விடப் போவதாகக் கூகுள் 2025-இல் அறிவித்தபோது, கட்டற்ற மென்பொருள்காரர்கள் எதிர்த்தது அதனால்தான். நம் கைப்பேசி நம்முடையதாக இருக்க வேண்டும். நானும் அந்தப் பக்கம்தான். பூட்டுக்கும் ஓயாத கேள்விக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. நிரலுக்கு அதன் வேலைக்கு வேண்டிய குறைந்த அதிகாரமே தர வேண்டும் என்று கணினி அறிவியலாளர்கள் சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975-லேயே எழுதி வைத்தார்கள். 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13-இல் படத் தேர்வி என்ற வசதி இருக்கிறது. ஆப் உங்கள் படங்களையெல்லாம் பார்க்க அனுமதி கேட்பதில்லை. இயங்குதளமே படங்களைக் காட்டும். நீங்கள் ஒன்றைத் தொடுகிறீர்கள். அந்த ஒன்று மட்டும் ஆப்பிடம் போகிறது. தொட்டதே அனுமதி. தனியாக ஒரு கேள்வி இல்லை, அதிகாரமும் உங்கள் கையிலேயே இருக்கிறது. எதிர்காலம் இந்த வழியில் வளர வேண்டும்.

செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியிலிருந்தும் பிற கல்லூரிகளிலிருந்தும் வந்திருக்கும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். நாளை நீங்கள் ஆப் எழுதுவீர்கள். 'இருந்தால் பயன்படும்' என்று ஓர் அனுமதியைச் சேர்க்கும்போது, ராகி வயலில் நின்றுகொண்டு அந்தப் பெட்டியைப் பார்க்கப் போகிற ஒருவரை நினையுங்கள். அவருக்குப் பதில் தெரியாத கேள்வியைக் கேட்காதீர்கள். அரசு அலுவலர்களிடம் கேட்கிறேன்: எந்தத் திட்டத்துக்கும் ஆப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பும் வழக்கம் வேண்டாம். நல்லவர்கள் அப்படி அனுப்பினால், திருடன் அனுப்பும்போது மக்களால் பிரித்தறிய முடியாது.

தாய்மார்களே, அமைப்பு மாறும்வரை உங்களுக்கு மூன்று செய்திகள். வாட்ஸ்அப்பில் வந்த கோப்பைத் தொட்டதும் 'நிறுவ அனுமதிக்கலாமா' என்று கேட்டால், அனுப்பியவர் அண்ணனாகவே இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். குறுஞ்செய்தியைப் படிக்கவா என்று புதிய ஆப் எது கேட்டாலும் வேண்டாம். பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக் காட்டும் ஆக்சஸிபிலிட்டி வசதியை இயக்கச் சொல்லி ஓர் ஆப் கேட்டால், உங்களுக்கு அந்தத் தேவை இல்லாதபோது வேண்டாம். அதைப் பெற்ற ஆப் உங்கள் திரையில் உள்ள எல்லாவற்றையும் பார்க்கும், உங்களுக்குப் பதிலாகத் தானே பொத்தான்களை அழுத்தும்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டில் யாராவது ஏமாந்து வந்து நின்றால், 'ஏன் அலோ குடுத்தே?' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அஞ்சித்தான் பலர் இரண்டு நாள், மூன்று நாள் வெளியே சொல்லாமல் இருக்கிறார்கள். அதற்குள் பணம் கைமாறிக் கைமாறிப் போய்விடுகிறது. 'எத்தனை மணிக்குப் போச்சு?' என்று கேளுங்கள். கேட்டுவிட்டு உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.